எட்டுத் தறியும் ஒன்றாக நின்ற வாரம்

தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை சௌடேஸ்வரியை யாரும் தேட மாட்டார்கள். ஏதாவது ஒரு வீட்டில் சத்தம் அடங்கினால் போதும், அடுத்த நிமிஷம் அவளுடைய போன் அடிக்கும். "மதினி, பாவு முடிஞ்சிருச்சு, எப்ப வாரீக?" என்று ஒரு குரல் கேட்கும்.

அருப்புக்கோட்டை நெசவுக்காரத் தெருக்களில் பாவு பிணைப்பதுதான் அவளுக்கு வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரும்போது நூலை முழுக்க வெட்டி எடுத்துவிட மாட்டார்கள். வால் மாதிரி கொஞ்சம் விட்டு வைப்பார்கள். புதுப் பாவு சுற்றிய உருளையான பீமைத் தூக்கிப் பின்னால் வைத்து, பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சிரட்டையில் சாம்பல் இருக்கும். அதில் விரலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கில். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்துக் கொடுக்க, இவள் குனிந்த தலை நிமிராமல் முறுக்கிக்கொண்டே போவாள். ஓர் இழை மாறினாலும் சேலை முழுக்கக் கோடு விழும். அவள் பிணைத்த பாவில் கோடு விழுந்ததாக அந்தத் தெருவில் பேச்சில்லை.

மற்ற பெண்களுக்குப் பாவு முடிந்தால் ஓய்வு. குறுக்கு நூலைத் தாராகச் சுற்ற வேண்டாம், தறிக்குள் நின்று காது அடைக்க வேண்டாம். அந்த நாளைப் பார்த்துத்தான் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் வேன் பிடித்துப் போய் வருவார்கள். சௌடேஸ்வரிக்கு அந்த நாள்தான் வேலை நாள். அவர்கள் வேன் ஏறும்போது இவள் அவர்கள் வீட்டுத் தறிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்து அவர்கள் கொடுக்கும் பஞ்சாமிர்தத்தைச் சாம்பல் விரலைத் துடைத்துவிட்டு வாங்கி நக்குவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாக யாருக்கும் தோன்றியதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் கழுத்துவலி தாங்காமல் மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தாள். "கொஞ்ச நாளைக்குக் குனியாம இருங்கம்மா. எங்கயாவது குளிர்ச்சியான இடமாப் போய் நிமிர்ந்து உக்காந்துட்டு வாங்க" என்றார் அவர். ஊசி மாத்திரையைவிட அந்த ஒரு பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து உட்காருவது. கண்ணுக்கு முன்னால் நூல் இல்லாமல், பச்சையாக, தூரமாக ஏதாவது இருப்பது.

தம்பி கார்த்தீஸ்வரனின் மனைவி தேவிபிரியாவிடம்தான் முதலில் சொன்னாள். தெருவில் அவளுக்கு ஒட்டுதல் என்றால் தேவிதான். கல்யாணமாகி வந்த புதிதில் தார் சுற்றத் தெரியாமல் விழித்தவளுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தது இவள். இருவரும் தனியாக இருந்தால் தெலுங்கில் பேசுவார்கள்; வெளி ஆள் வந்தால் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள்.

"போவோமே மதினி! கோயிலா?"

"கோயிலுக்குப் போனா வரிசையில நிக்கணும்டி. நிக்கவும் வேணாம், நடக்கவும் வேணாம். ஒரு மலை. ஒரு வீடு. போயி உக்காரணும். அவ்வளவுதான்."

"உக்காரவா அவ்வளவு தூரம் போறது?" என்று தேவி சிரித்தாள். சிரித்தாலும் அன்று சாயங்காலமே மற்ற வீட்டுப் பெண்களையும் சௌடேஸ்வரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சௌடேஸ்வரி வீட்டையும் சேர்த்து நாலு வீடு, வீட்டுக்கு இரண்டாக எட்டு விசைத்தறி. ஒவ்வொன்றிலும் பாவு வேறு வேறு சமயத்தில் முடியும். அதனால்தான் ஒருத்தி போகும்போது இன்னொருத்தி போக முடியாது, சௌடேஸ்வரி எப்போதுமே போக முடியாது. அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான்: எட்டுப் பாவும் ஒரே வாரத்தில் முடிகிற மாதிரி செய்துகொள்ள வேண்டும். எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கட்டும். எல்லாரும் ஒன்றாகப் போய்வரட்டும். வந்தபிறகு வரிசையாக ஒவ்வொரு வீடாகப் பிணைத்துக் கொடுப்பாள். முதல் வீட்டில் தறி உடனே ஓடும், கடைசி வீட்டுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். அதுதான் சிக்கல்.

யார் கடைசி என்று பேச்சு வந்தபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க வீடு கடைசியா இருக்கட்டும் மதினி" என்றாள் தேவி. "எங்களுக்காகத்தானே நீங்க இவ்வளவு நாளா குனிஞ்சே கெடந்தீக."

சௌடேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வீட்டு சுகந்தி, "இந்தா, இப்பவே மலையருவி கொட்டுது பாரு" என்று கேலி செய்ய, எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிப் போனாள். சிறுமலையில் தோட்டத்துக்குள் ஒரு வீடு வாடகைக்கு விடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, அதைப் பார்த்துக்கொள்கிற பொன்ராஜுக்குப் போன் போட்டாள். ஒரு தடவையா, பல தடவை.

"தம்பி, அந்த வீட்டு வராந்தாவுல மத்தியானம் வெயில் அடிக்குமா?"

"அடிக்காதும்மா. சுத்தி மரம்."

"அட்டை இருக்குமா?"

"மழை பெஞ்சாத்தாம்மா. இப்ப இருக்காது."

"கக்கூஸு உக்கார்ற மாதிரியா, குத்த வைக்கிற மாதிரியா? எங்க கூட ஒரு ஆளுக்கு முழங்கால் மடங்காது."

"ரெண்டும் இருக்கும்மா. ஏம்மா, நீங்க வீடு வாங்கப் போறீங்களா, தங்கப் போறீங்களா?"

அவள் விடவில்லை. கட்டில் எத்தனை, போர்வை துவைத்ததா, வெந்நீர் எத்தனை மணிவரை வரும், குரங்கு வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் கேட்டுக்கொண்டாள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எதுவும் வேனில் ஏறக் கூடாது. பொன்ராஜின் வீட்டுக்காரி சமைத்துப் போடுவாள். "போற எடத்துலயும் நாமளே வெங்காயம் உரிச்சா அது டூரா? வீட்டை வேன்ல வச்சுக் கட்டிட்டுப் போற மாதிரி" என்று சொல்லிச் சுகந்தியின் வாயை அடைத்தாள்.

வழியில் பெண்கள் இறங்குவதற்குச் சுத்தமான இடம் வேண்டும். காரியாபட்டி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கு இருந்தது. மதுரைக்கு மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே போய்ப் பார்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறினாள். வேன்காரர் பால்ச்சாமியிடம் மலை வளைவுகளில் மெதுவாகப் போகச் சொன்னாள். யாருக்கு வாந்தி வரும், யார் ஜன்னலோரம், யார் சக்கரத்துக்கு மேலே உட்காரக் கூடாது என்பதெல்லாம் அவள் மனசில் இருந்தது. தேவி சொன்னபடி தனக்கென்று டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டை வைத்துக்கொண்டாள். கழுத்தைத் திருப்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இன்னொரு பக்கம் பாவு. அதுதான் பெரிய வேலை. தினமும் காலையில் நாலு வீட்டுத் தறிக்கூடத்துக்கும் போய்ப் பீமின் மேல் கையை வைத்துப் பார்ப்பாள். கனம் குறைகிற விதத்தில் இன்னும் எவ்வளவு ஓடும் என்று தெரிந்துவிடும். "சுகந்தி, உன் இடதுபக்கத் தறியை மத்தியானம் கொஞ்சம் நிப்பாட்டு, முந்திப் போகுது." "தேவி, உன்னோடது பிந்துது, இன்னைக்கு கரண்டு போகாட்டி ஓட்டு." இழுத்தும் தளர்த்தியும் எட்டையும் ஒரே ஓட்டத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள். ஆண்கள்கூட, "இந்தப் பொம்பள கையில தராசு வச்சிருக்கா" என்றார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு காரியம் நடந்தது. புதுப் பாவுகள் வந்து இறங்கின. நாலு வீட்டிலும் சுவரோரம் பீம் பீமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபிறகுதான் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று பேசியிருந்தார்கள். சும்மா கிடந்தால் எலி கடிக்கும்.

"ஏன்டி, இப்பவே எறக்கிட்டாக?" என்று தேவியிடம் கேட்டாள்.

"ஜவுளிக்காரரு வண்டி இந்தப் பக்கம் வந்துச்சாம் மதினி. அவுகளா எறக்கி வச்சுட்டுப் போயிட்டாக." தேவி தார் சுற்றிக்கொண்டே சொன்னாள். நிமிரவில்லை.

சௌடேஸ்வரியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எலிக்குப் பயந்து பீம்களின் மேல் பழைய சேலையைப் போர்த்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பால்ச்சாமி போன் செய்தார்.

"அக்கா, நீங்க வரலையாமே? பிளான் பூரா நீங்க போட்டது. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு."

"யாருண்ணே சொன்னா?"

"உங்க தம்பி வீட்டுக்காரம்மாதான். ஒரு வாரமாச்சே சொல்லி. முன் சீட்டுல அவுக அக்கா மக வருதாம். அண்டாவும் அடுப்பும் ஏத்தணும்னாக. சிலிண்டரு மட்டும் வேண்டாம்னுட்டேன், ரோட்டுல பிடிச்சா நான்ல பதில் சொல்லணும்."

அவள் போனை வைத்தாளா, கையிலேயே வைத்திருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் வேங்கடபதி சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் வரலேன்னு வேன்காரருகிட்ட சொல்லிருக்காக. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு, வாயில் வைத்து, மென்று விழுங்கினார்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே. நீங்க கூடிப் பேசுனீகள்ல, மறுநாளே ஆம்பளைக எல்லாரும் பேசுனோம். எட்டுத் தறியும் ஒரு வாரம் பத்து நாளு நின்னா எவன் தாங்குவான்? பொம்பளைக போயிட்டு வரட்டும், நீ இங்க இருந்து பிணைச்சிரு, அவுக வரும்போது தறி ஓடணும். அப்படின்னாத்தான் அனுப்புவோம்னு சொன்னோம். தேவி சரின்னுருச்சு. எல்லாப் பொம்பளைகளும் சரின்னுட்டாக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இவ்வளவு வேலை பாப்பியா?" என்றார். சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது போலத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவள் தேவி வீட்டுக்குப் போனாள். தேவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு புது ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரை வாங்கச் சொன்னதும் சௌடேஸ்வரிதான். மலையில் சாயங்காலம் குளிரும் என்று.

"தேவி."

தேவி திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை மடித்த மடிப்பையே மறுபடி மடித்தாள்.

"மதினி, நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? வேன் கெளம்புன பெறகா?"

"நான் என்ன செய்ய மதினி? நீங்க இருந்தாத்தான் எங்கள அனுப்புவோம்னுட்டாக. எட்டுப் பாவையும் ஒண்ணா முடிக்கிறேன்னு சொன்னது நீங்கதானே? ஒண்ணா முடிஞ்சா எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்துல நீங்கதானே வேணும்? நீங்க அதை நெனச்சுப் பாத்திருக்க வேணாமா?"

சௌடேஸ்வரிக்கு அது உறைத்தது. எல்லாரும் சேர்ந்து காத்திருந்தால் யாருக்கும் குறை இருக்காது என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். எட்டுத் தறியும் சேர்ந்து நின்றால் எட்டுத் தறிக்கும் கண் தன் மேல்தான் விழும் என்று நினைக்கவில்லை. வழக்கம்போல ஆளுக்கொரு சமயத்தில் முடிந்திருந்தால், ஒரு வீட்டுக்கு மட்டும் நாலு நாள் பொறு என்று சொல்லிவிட்டு அவளும் எங்காவது போயிருக்கலாம்.

"சரி, நான் நெனைக்கல. நீ நெனச்சுட்டேல்ல. எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"நாங்க போட்டோ அனுப்புறோம் மதினி. வீடியோ கால்ல காட்டுறேன். அப்படியே நேர்ல பாக்குற மாதிரி இருக்கும்."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் விடிகாலையில் வேன் தெருமுனையில் வந்து நின்றது. சௌடேஸ்வரி பையோடு போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. முகத்தைப் பார்த்தால் ஒருத்தியாவது ஏறச் சொல்வாள் என்று ஒரு நினைப்பு இருந்திருக்கலாம். வேனுக்குள் எல்லாரும் அவள் சொன்ன இடங்களில்தான் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் மடங்காத சுகந்தி காலை நீட்டும் சீட்டில், வாந்தி வருகிறவள் ஜன்னலோரத்தில். முன் சீட்டில் தேவியின் அக்கா மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் அண்டா.

பால்ச்சாமி இறங்கி வந்தார். "ஏறுங்கக்கா. அண்டாவை மேல கட்டிப் போட்டுருவோம், ஒரு ஆளு உக்காரலாம்."

வேனுக்குள் ஒருத்தியும் நகர்ந்து இடம் விடவில்லை. சுகந்தி, டிரைவருக்குப் புரியக் கூடாதென்று, தெலுங்கில் சொன்னாள்: "நீங்க ஏறுனா எங்க வீட்டுக்காரரு என்னை இறக்கிருவாரு மதினி. எனக்கும் ஆசையா இருக்குல்ல."

அதில் பொய் இல்லை. மற்றவர்களும் அதைத்தான் நினைத்தார்கள் என்று அவர்களுடைய முகம் சொன்னது. தேவி மட்டும் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடி முடியவே இல்லை.

"அண்டாவைக் கட்ட வேணாம்ண்ணே" என்றாள் சௌடேஸ்வரி. "வளைவுல உருளும். அப்படியே இருக்கட்டும்." பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வேன் போகும் சத்தம் வழியெல்லாம் காதில் விழுந்தது. தறி ஒன்றும் ஓடாததால் தெருவில் வேறு சத்தமே இல்லை.

வீட்டில் வேங்கடபதி பீமைத் தூக்கித் தறியில் மாட்டி, சிரட்டையில் சாம்பலும் போட்டு வைத்திருந்தார். அவள் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேலையை மறுப்பாள், சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. அவள் உட்கார்ந்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து இழை பிரித்துக் கொடுத்தார். அவள் முறுக்கினாள். நின்ற தறியை நிற்கவிட்டுப் பழக்கம் இல்லை அவளுக்கு. கோபத்தைக் காட்ட வேறு வழி கற்றுக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் பொன்ராஜ் போன் செய்தான். "அம்மா, எல்லாரும் வந்துட்டாங்க. அந்த வெயில் வராந்தா கேட்ட அம்மா எங்கன்னு பாத்தேன். நீங்க வரலையாம்மா?"

"இல்லப்பா. அவுகளுக்கு வெந்நி சரியா வருதா?"

"வருதும்மா."

"சரிப்பா."

தேவியின் வீடியோ கால் மூன்று தடவை வந்தது. கையில் சாம்பல் இருந்தது. எடுக்கவில்லை.

அவர்கள் மலையில் இருந்த நாள்களில் தன் வீடும் சேர்த்து மூன்று வீட்டுத் தறிகளையும் பிணைத்து முடித்தாள். தம்பி வீட்டில் மட்டும் வேலை ஆகவில்லை. இழை பிரித்துக் கொடுக்கக் கார்த்தீஸ்வரன் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாக வேண்டும். வாசல்வரை வந்தான். "அக்கா, தேவி வந்து எடுத்துக் குடுக்கட்டும், அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அக்கா முகத்தைப் பார்த்துப் பாதி நாள் உட்கார அவனால் முடியாது.

அதனால் தேவி திரும்பி வந்த மறுநாள் அவளே எதிரே உட்கார வேண்டி வந்தது. மலைவாழைப் பழச் சீப்பு ஒன்று பக்கத்தில் இருந்தது. மதினிக்கென்று கொண்டுவந்தது. காப்பியும் போட்டு வைத்திருந்தாள்.

முதலில் தேவி பேசிக்கொண்டே இருந்தாள். பனி இறங்கியது, ஒரு குரங்கு சுகந்தியின் செருப்பைத் தூக்கிப் போனது, அண்டாவில் சோறு பொங்கி அடிப்பிடித்தது. "நீங்க சொன்ன மாதிரி சமைக்காம இருந்திருக்கலாம்" என்றாள். சௌடேஸ்வரி முறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு மெல்லத் தேய்ந்து நின்றது. காப்பியில் ஆடை கட்டியது.

"ஏதாவது திட்டுங்க மதினி."

சௌடேஸ்வரி இரண்டு மூன்று இழை முறுக்கியபிறகு கேட்டாள். "ஆம்பளைக பேசுன அன்னைக்கு நீ சரின்னுட்ட. அதுக்குப் பெறகும் தினமும் வந்து எங்கூட உக்காந்து, எந்த சீட்டு யாருக்குன்னு பேசுன. எனக்கு முன் சீட்டு போடணும்னு சொன்னதே நீதான். அப்ப உள்ளுக்குள்ள என்ன நெனச்சுக்கிட்டு இருந்த?"

தேவியின் கையில் இழை நின்றது.

"நீங்க சந்தோஷமா இருந்தீக மதினி" என்றாள் கடைசியில். "அப்படி உங்கள நான் பாத்ததே இல்ல. சொன்னா அந்தச் சந்தோஷம் அன்னைக்கே போயிருக்கும். அதோட... நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாரு அவ்வளவு சரியா ஏற்பாடு பண்ணுவா?"

முதலில் சொன்னது உண்மையா, இரண்டாவது சொன்னதா என்று சௌடேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதுதான் தாங்கவில்லை.

"இழையைக் குடு" என்றாள்.

கடைசி இழை முறுக்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பிணைத்த முடிச்சுகளெல்லாம் மெல்ல முன்னால் இழுபட்டு, சீப்புப் போன்ற அச்சைத் தாண்டித் துணியாகும்வரை பிணைத்தவள் கூடவே நிற்பது அந்தத் தெருவில் வழக்கம். எங்காவது விட்டுப்போனால் அப்போதே சேர்த்துக் கொடுப்பாள். அதற்குக் கூலி கிடையாது. அது வேலையில் சேர்ந்ததும் இல்லை. இந்த வீட்டில் அவள் எப்போதும் அதற்குமேலும் நின்று, முதல் முழம் நெய்துவிட்டுத்தான் போவாள்.

அன்று அவள் சிரட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மதினி, இழுத்து விட வேணாமா?" என்றாள் தேவி.

"நீ இழுத்துக்க."

தேவி தனியாகத் தறிக்கு முன்னால் போய் நின்றாள். பாவை மெல்ல இழுத்தாள். முடிச்சுகள் வரிசையாக அச்சை நோக்கி நகர்ந்தன. எதுவும் விடாமல் எல்லாம் தாண்டின. அவள் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. பழச்சீப்பும் காப்பியும் வைத்த இடத்திலேயே இருந்தன.